ஜாவாவின் ஜெனரிக் கிளாஸ்களும் பிறமொழி வாரிசுகளும்

கணிப்பொறி மொழிகள் நாளுக்கு நாள் பெருகிவரும் காலம் இது. ஆயினும் புதிதாகத் தோன்றும் மொழிகளுள் பல தமக்கெனத் தனி வீடு கட்டிக்கொள்வதில்லை. முன்னரே கட்டிய வீடொன்றில் குடியேறுகின்றன. அவ்வாறு பல மொழிகள் குடியேறியுள்ள பெரிய வீடு, ஜே.வி.எம். எனப்படும் ஜாவா மெய்நிகர் எந்திரம் ஆகும். ஸ்காலா, கோட்லின், குரூவி, குளோஜர் முதலிய மொழிகள் ஜாவாவோடு ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. நம் இலக்கியங்கள் சாவகம் என்று குறிக்கும் தீவின் பெயரை ஜாவா தாங்கி நிற்க, அதைப் பார்த்துத் தானும் ஒரு தீவின் பெயரையே சூட்டிக்கொண்டது கோட்லின். அத்தீவு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகில் உள்ளது.

நம்மில் பலர் வகுப்பறையில் ஜாவா கற்றுவிட்டு, ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு நிரல் எழுதக் கோட்லினுக்குச் செல்கிறோம். சென்றவர்கள் ஜாவாவை விட்டு வந்துவிட்டதாகவே எண்ணுகின்றனர். ஆனால் அவர்கள் நாள்தோறும் எடுத்தாளும் நூலகங்களுள் பெரும்பகுதி ஜாவாவில் எழுதப்பட்டவை. அந்நூலகத்துக் கிளாஸ் ஒன்றை நீட்டித்துத் தமக்கென ஒரு வாரிசுக் கிளாஸ் எழுதவேண்டிய நாள் விரைவில் வந்தே தீரும். அது ஜெனரிக் கிளாஸாக இருந்துவிட்டால் சில விந்தைகள் நேரும். அவ்விந்தைகளின் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறதுறை நண்பர்களுக்காகச் சில சொற்கள். கிளாஸ் என்பது பொருள்களை வார்க்கும் அச்சு. ஓர் அச்சிலிருந்து அதன் இயல்புகளையெல்லாம் பெற்று, மேலும் சிலவற்றைச் சேர்த்து இன்னோர் அச்சு செய்வதே நீட்டித்தல். ஜெனரிக் கிளாஸ் என்பது ஓரிடத்தை வெற்றிடமாக விட்டுச் செய்த அச்சு. ‘லிஸ்ட்’ என்றால் பட்டியல். எதன் பட்டியல் என்பது வெற்றிடம். அவ்வெற்றிடத்தில் ‘ஸ்டிரிங்’ என எழுதினால் சொற்களின் பட்டியல். ‘இன்டிஜர்’ என எழுதினால் முழு எண்களின் பட்டியல். வெற்றிடத்தில் எழுதும் இப்பெயரை வகைப்பெயர் என்று இக்கட்டுரையில் அழைப்பேன். அச்சுக்கூடத்தில் ஆங்கில எழுத்துகளைக் கலக்க விரும்பாமையால் நிரல் வரிகளை அப்படியே தராமல் சொற்களால் விளக்குகிறேன். (ஜாவாவில் ஆணைச்சொற்கள்தாம் ஆங்கிலத்தில் இருந்தாகவேண்டும், கிளாஸுக்கும் மாறிகளுக்கும் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பதை நம்மவர் பலர் அறியார்.)

அழிப்பு என்னும் முடிவு

ஜாவாவின் முதற்பதிப்பு 1996 ஜனவரியில் வெளிவந்தது. பட்டியல் முதலிய சேமிப்புக் கிளாஸ்களின் தொகுதி 1998 டிசம்பரில், 1.2-ஆம் பதிப்பில் வந்தது. அப்போது ஜெனரிக் என்பதே இல்லை. பட்டியலில் எதையும் போடலாம். எடுக்கும்போது அஃது இன்ன வகை என்று நிரலர்தாம் உறுதி சொல்லவேண்டும். உறுதி பொய்த்தால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நடுவழியில் விழும்.

இதற்கு மாற்றுத் தேடியவர்களுள் மார்ட்டின் ஓடர்ஸ்கியும் பிலிப் வாட்லரும் முதன்மையானவர்கள். அவர்கள் 1997-இல் ‘பீட்சா’ என்னும் மொழியை ஜாவாவின்மேல் கட்டினார்கள். அடுத்த ஆண்டு கிலாட் பிராக்கா, டேவிட் ஸ்டவுடமயர் ஆகியோருடன் சேர்ந்து ‘ஜி.ஜே.’ என்னும் வடிவத்தை வெளியிட்டார்கள். எதிர்காலம் கடந்த காலத்திற்கு ஊறு செய்யாதவாறு அமைய வேண்டும் என்ற கருத்தே அவர்கள் கட்டுரையின் தலைப்பாக இருந்தது. இவ்வழியே 2004 செப்டம்பரில் ஜாவா 5-ஆம் பதிப்பில் ஜெனரிக் இடம்பெற்றது. அதே ஓடர்ஸ்கி சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்து ஸ்காலாவைப் படைத்து அதே 2004-இல் வெளியிட்டார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஜாவாவின் ஜெனரிக்கிற்கு அடித்தளம் இட்டவரே, அவ்வடித்தளத்தின்மேல் பிறமொழி ஒன்றையும் கட்டவேண்டியவர் ஆனார்.

ஊறு செய்யாமல் எப்படிச் சேர்ப்பது? அவர்கள் கண்ட வழி அழிப்பு. கம்பைலர் வகைப்பெயர்களைப் படிக்கும்; பிழை இருந்தால் தடுக்கும்; சரியாக இருந்தால், எந்திரத்திற்கான கட்டளைகளை எழுதும்போது அப்பெயர்களை அழித்துவிட்டு, ‘ஆப்ஜெக்ட்’ என்னும் பொதுப்பெயரையோ மேல்வரம்பையோ எழுதிவிடும். எந்திரத்திற்கு ஜெனரிக் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே, 1998-இல் எழுதிய நிரலும் 2004-இல் எழுதிய நிரலும் ஒரே பட்டியலைக் கைமாற்றிக்கொள்ள முடிந்தது.

இதற்காக அவர்கள் எவ்வளவு கவனம் கொண்டனர் என்பதற்கு ஒரு சான்று. ஒரு தொகுப்பின் மிகப் பெரிய உறுப்பைத் தரும் ‘மேக்ஸ்’ என்னும் மெத்தட், பழைய பதிப்பில் ‘ஆப்ஜெக்ட்’ ஒன்றைத் திருப்பித் தந்தது. புதிய பதிப்பில் ‘ஒப்பிடத்தக்க வகை’ என்று மட்டும் வரம்பு எழுதினால், அழித்தபின் ‘கம்பேரபிள்’ என்று மிஞ்சும். பழைய நிரல்கள் தாம் தேடும் மெத்தடைக் காணாமல் திகைக்கும். எனவே வரம்பில் முதலில் ‘ஆப்ஜெக்ட்’ என்றும், அடுத்துக் ‘கம்பேரபிள்’ என்றும் எழுதினார்கள். அழிக்கும்போது முதலில் உள்ளதே மிஞ்சும் என்பது விதி. பயனற்றதாகத் தோன்றும் அந்த ஒரு சொல் பழைய நிரல்கள் அனைத்தையும் காத்தது.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டாட்நெட் 2005-இல் வேறு வழியை மேற்கொண்டது. அங்கு எந்திரமே வகைப்பெயரை அறியும். ஆனால் பழைய பட்டியல் ஒருபுறம், புதிய ஜெனரிக் பட்டியல் மறுபுறம் என இரு தொகுதிகள் உண்டாயின. எது மேல் என்று இன்றும் வாதிடுவார் உளர். எந்திரம் அறியாதிருந்தமையால்தான் ஸ்காலாவும் கோட்லினும் ஜெனரிக்கிற்குத் தமக்கேற்ற விதிகளைச் சமைத்துக்கொள்ள முடிந்தது என்பது என் கருத்து.

வெட்டிய பெயர்

நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது வழக்கம். சாக்கட்டியால் எழுதிய பெயர் முதல் கழுவலிலேயே போய்விடும். வெட்டிய பெயர் பாத்திரம் உள்ளளவும் நிற்கும். ஜாவாவில் ‘சொற்களின் பட்டியல்’ என்று ஒரு பொருளைப் படைத்தால், அப்பொருளின்மேல் ‘சொல்’ என்பது சாக்கட்டி எழுத்துதான். ஓடும்போது அப்பொருளைக் கேட்டால், தான் ஒரு பட்டியல் என்று மட்டுமே சொல்லும். ஆனால் ‘சொற்களின் பட்டியலை நீட்டிக்கும் கிளாஸ்’ என்று ஒரு வாரிசை எழுதினால், அவ்வாரிசுக் கிளாஸின் கோப்பில் ‘சிக்னேச்சர்’ என்னும் குறிப்பில் அவ்வகைப்பெயர் வெட்டப்பட்டு நிலைத்துவிடுகிறது. ஜெனரிக்கில் அழியாமல் எஞ்சும் மிகச் சில இடங்களுள் வாரிசின் தலைப்பு வரியும் ஒன்று.

அவ்வெட்டெழுத்தை எந்திரம் படிப்பதில்லை. சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று சோதிப்பதுகூட இல்லை. படிப்பவர்கள் பிறர். ஸ்காலா கம்பைலரோ கோட்லின் கம்பைலரோ ஜாவா நூலகம் ஒன்றை எடுக்கும்போது, அதன் மூலநிரலைப் பார்ப்பதில்லை. கிளாஸ் கோப்பிலுள்ள இக்குறிப்பையே படித்து, இந்தக் கிளாஸுக்கு எத்தனை வெற்றிடங்கள், எவ்வெவ் வரம்புகள் என்று அறிகின்றன. தாம் எழுதும் வாரிசிலும் அதே முறையில் வெட்டி வைக்கின்றன. இரு மொழிகளுக்கு இடையே நடக்கும் கடிதப் போக்குவரத்து இது. தபாற்காரரான எந்திரம் உறையைப் பிரிப்பதே இல்லை.

‘ஜாவாபி’ என்னும் கருவி ஜாவாவுடனேயே கிடைக்கிறது. அதைக் கொண்டு எந்தக் கிளாஸ் கோப்பையும் திறந்து பார்க்கலாம். எம்மொழியில் எழுதியதாயினும் அதற்கு வேறுபாடில்லை. நம் ஆய்வகக் கணிப்பொறிகளிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பாடவேளை போதும்.

பாலமும் பூஜ்யமும்

இனி நடைமுறைக்கு வருவோம். ‘கம்பேரேட்டர்’ என்பது ஜாவாவின் ஜெனரிக் இன்டர்ஃபேஸ். இரண்டு பொருள்களை ஒப்பிடும் ‘கம்பேர்’ என்னும் ஒரு மெத்தட் அதன் உயிர். சொற்களை ஒப்பிடும் வாரிசு எழுதுகிறோம் எனக் கொள்வோம். நாம் எழுதும் மெத்தட் இரண்டு ‘ஸ்டிரிங்’குகளை ஏற்கும். ஆனால் வரிசைப்படுத்தும் நூலக நிரலோ, அழிப்புக்குப் பின், இரண்டு ‘ஆப்ஜெக்ட்’டுகளை ஏற்கும் மெத்தடையே அழைக்கும். எந்திரம் மெத்தடைப் பெயரால் மட்டுமன்றி, ஏற்கும் வகைகளையும் திருப்பித் தரும் வகையையும் சேர்த்தே தேடுவதால், நாம் எழுதியதை அது காணாது.

இவ்விடைவெளியைக் கம்பைலர் ஒரு பாலத்தால் இணைக்கிறது. நாம் எழுதாத இன்னொரு ‘கம்பேர்’ மெத்தடை, இரண்டு ‘ஆப்ஜெக்ட்’டுகளை ஏற்பதாக, அதுவே எழுதிக்கொள்கிறது. வந்தவற்றை ‘ஸ்டிரிங்’ ஆக மாற்றி நம் மெத்தடிடம் ஒப்படைப்பதே அதன் வேலை. இதைப் ‘பிரிட்ஜ் மெத்தட்’ என்பர். ஜாவா கம்பைலர் செய்யும் இவ்வேலையை ஸ்காலா, கோட்லின் கம்பைலர்களும் செய்தாக வேண்டும். பாலம் எல்லா மொழிக்கும் உண்டு. ஆனால் பாலத்தின்மேல் நடக்கும் சோதனை மொழிக்கு மொழி வேறு. இதை நன்றாக மனத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு மதிப்பெண் பட்டியல். 72, 0, 45 என்று மதிப்பெண்கள் உள்ளன. தேர்வுக்கே வராத ஒருவருக்கு ‘நல்’ என்னும் வெறுமை இடப்பட்டுள்ளது. ஜாவாவின் பட்டியல் அதை மறுக்காது. இப்பட்டியலை வரிசைப்படுத்த ஸ்காலாவில் ஒரு வாரிசு எழுதி, தலைப்பு வரியில் ‘கம்பேரேட்டர்’ என்பதன் வெற்றிடத்தில் ஸ்காலாவின் ‘இன்ட்’ என்று எழுதுவோம். ‘இன்ட்’ என்பது வெறும் எண். பாலத்தின் வழியே வரும் பொருளை எண்ணாக அவிழ்க்க ஸ்காலா தனது உதவி மெத்தடை அழைக்கும். அவ்வுதவி மெத்தட் ‘நல்’ வந்தால் 0 என்று திருப்பித் தரும். பிழை எழாது, எச்சரிக்கை வராது. தேர்வு எழுதிப் பூஜ்யம் வாங்கியவரும், காய்ச்சலில் படுத்துத் தேர்வுக்கே வராதவரும் ஒரே நிலையில் நிற்பர்.

இதே வாரிசைக் கோட்லினில் ‘இன்ட்’ என்று எழுதினால், அதன் பாலம் வெறுமையை அவிழ்க்க முயன்று அவ்விடத்திலேயே நிரலை வீழ்த்திவிடும். விழுவதே நல்லது என்பேன்; தவறான பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவதைவிட, பட்டியல் வராமலிருப்பது மேல். ஆனால் கோட்லினில் மூன்றாவது வழியும் உண்டு. தலைப்பு வரியில் ‘இன்ட்’ என்பதன் பின் ஒரு வினாக்குறி இட்டால், ‘எண்ணாகவும் இருக்கலாம், வெறுமையாகவும் இருக்கலாம்’ என்று பொருள். அப்போது கம்பைலரே, வெறுமை வந்தால் என்ன செய்வாய் என்று நம்மைக் கேட்டு, விடை சொல்லும்வரை விடாது. ஸ்காலாவிலும் ‘இன்ட்’டுக்குப் பதிலாக ஜாவாவின் ‘இன்டிஜர்’ என்று எழுதி, வெறுமையை நாமே சோதிக்கலாம். மூன்று வாரிசுகளின் உடலும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடெல்லாம் தலைப்பு வரியின் ஒரு சொல்லில்.

பாலத்தின் மேல் கோட்லின் செய்யும் இன்னொரு சோதனையும் சுவையானது. ஜாவாவின் பட்டியலில் ‘இஃது உள்ளதா?’ என்று கேட்கும் ‘கன்டெயின்ஸ்’ மெத்தட் எந்தப் பொருளையும் ஏற்கும். கோட்லினோ பட்டியலின் வகைப் பொருளையே ஏற்பதாக அதை மாற்றிக் காட்டுகிறது. சொற்பட்டியலின் வாரிசைக் கோட்லினில் எழுதி, ஜாவா நிரல் ஒன்று அதனிடம் எண்ணைக் கொடுத்து ‘உள்ளதா?’ என்றால், பாலம் முதலில் வகையைப் பார்த்து, ‘இல்லை’ என்று தானே விடை கூறிவிடும். நம் மெத்தட் அழைக்கப்படுவதே இல்லை. அம்மெத்தடுக்குள் பதிவுக் குறிப்பு எழுதிவிட்டு, அஃது ஏன் வரவில்லை என்று தேடுவோர் இதை அறிந்திருத்தல் நலம்.

ஒரு பாத்திரம், இரு பெயர்

ஜாவாவின் தேதிக் கிளாஸான ‘டேட்’, தன்னைப் பிற தேதிகளோடு ஒப்பிடத்தக்கது என்று ‘கம்பேரபிள்’ இன்டர்ஃபேஸில் ‘டேட்’ என்றே வெட்டி வைத்துள்ளது. அதை ஸ்காலாவில் நீட்டித்து ‘தேர்வுநாள்’ என்று ஒரு கிளாஸ் எழுதி, அது தேர்வுநாள்களோடு மட்டும் ஒப்பிடத்தக்கது என்று சொல்ல விரும்பினால் முடியாது. ஸ்காலாவின் ‘ஆர்டர்டு’ என்பதைச் சேர்த்தாலும் அதுவும் உள்ளே ‘கம்பேரபிள்’ஐயே நீட்டிப்பதால், ஒரே இன்டர்ஃபேஸை இரு வகைப்பெயர்களோடு பெறுகிறாய் என்று கம்பைலர் மறுக்கும். கோட்லினும் மறுக்கும், ஜாவாவும் மறுக்கும். அழித்தபின் இரண்டும் ஒன்றாகிவிடும்; ஒரே பெயருடைய இரு பாலங்கள் ஓரிடத்தில் நிற்க இடமில்லை. ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே, தரவுத்தளத்திற்கான ‘டைம்ஸ்டாம்ப்’ கிளாஸ் ‘டேட்’டின் வாரிசாதலால், ‘டேட்’டோடு ஒப்பிடத்தக்கது என்ற நிலையிலேயே இன்றும் நிற்கிறது. இதற்குத் தீர்வு, நீட்டிப்பதை விட்டுத் தேதியை உள்ளே ஓர் உறுப்பாக வைத்துக்கொள்வது. அல்லது ஒப்பீட்டைத் தனியே ஒரு கம்பேரேட்டராக எழுதுவது.

வகைப்பெயரே எழுதாமல் தப்பிக்க இயலுமா என்று கேட்கலாம். ஜாவாவில் இயலும். பழைய நிரல்களுக்காக, வெற்றிடத்தை நிரப்பாமலே எழுதும் முறையை ஜாவா இன்றும் அனுமதிக்கிறது. கோட்லின் அனுமதிப்பதில்லை. தன் பெயரையே தனக்கு வகைப்பெயராகக் கேட்கும் கிளாஸ்களிடம் இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. ‘டெஸ்ட்கன்டெய்னர்ஸ்’ என்னும் சோதனை நூலகத்தின் 1-ஆம் பதிப்பு வரிசையில் ‘ஜெனரிக் கன்டெய்னர்’ என்றொரு கிளாஸ் உண்டு. அதன் மெத்தடுகளைச் சங்கிலியாகக் கோத்து அழைக்கும்போது, ஒவ்வொன்றும் வாரிசின் வகையையே திருப்பித் தருவதற்காக, வாரிசின் பெயர் அவ்வெற்றிடத்தில் வேண்டும். ஜாவாவில் பலர் அதை நிரப்பாமலே விட்டுவிடுவர். கோட்லினில் அதற்கு என்ன எழுதுவது? விடை எளிது: உடலே இல்லாத ஒரு வாரிசை ஒரே வரியில் அறிவித்து, அவ்வாரிசின் பெயரையே வகைப்பெயராகக் கொடுத்துவிடுவது. ஜாவாவில் சோம்பலால் தவிர்க்கப்பட்டதைக் கோட்லின் கட்டாயமாக்குகிறது. முதலில் தொல்லையாகத் தோன்றினாலும், அந்த ஒரு வரிக்குப் பின் சங்கிலி முழுவதும் சரியான வகையோடு நடக்கிறது.

குரூவியும் குளோஜரும் இத்தொல்லைகளுள் பலவற்றை அறியா. குளோஜரில் ஜாவாக் கிளாஸை நீட்டிக்கும் ‘பிராக்சி’யில் வகைப்பெயர் எழுத இடமே இல்லை, அழிப்புக்குப் பின் உள்ள உலகிலேயே அது வாழ்கிறது. குரூவியில் எழுதலாம், ஆனால் 2012-இல் வந்த நிலைச்சோதனைக் குறிப்பை இட்டாலன்றி அவ்வகைப்பெயர்களை அது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

வெட்டெழுத்தைப் படிப்போர்

இறுதியாக, வாரிசின் தலைப்பில் வகைப்பெயர் அழியாது என்னும் இவ்வுண்மையையே தொழிலாக மாற்றிய உத்தி ஒன்றைக் கூறவேண்டும். நீல் காஃப்டர் 2006-இல் இதை விளக்கினார். ஜேசன் வடிவத் தரவைப் படிக்கும் நூலகத்திடம் ‘எண்களின் பட்டியலாகப் படி’ என்று எப்படிச் சொல்வது? பொருளிடம் வகைப்பெயர் இல்லை. எனவே வேண்டிய வகைப்பெயரைத் தாங்கிய, பெயரில்லாத வெற்று வாரிசு ஒன்றை அங்கேயே படைத்து அதை நூலகத்திடம் கொடுப்பர். நூலகம் அதன் சிக்னேச்சரைப் படித்து வகையை அறியும். கூகிளின் ‘ஜிசான்’ நூலகத்தில் இது ‘டைப் டோக்கன்’. ‘ஜாக்சன்’ நூலகத்தில் ‘டைப் ரெஃபரன்ஸ்’. இவ்வாரிசுகளுக்கு வேறு வேலையே இல்லை. பெயர் வெட்டுவதற்காகவே வாங்கிய பாத்திரங்கள்!

கோட்லினில் இதை எழுதி ‘இன்ட்’ பட்டியல் என்றால், வெட்டப்படுவது ‘இன்டிஜர்’. நூலகம் சரியாகப் படிக்கும். ஸ்காலாவின் 2-ஆம் பதிப்பு வரிசையிலோ, வகைப்பெயராக வரும் ‘இன்ட்’ வெறும் எண் ஆதலால், ஜாவாவுக்கான குறிப்பில் அதை எழுதாமல் ‘ஆப்ஜெக்ட்’ என்று வெட்டிவிடுகிறது. எவ்வகையும் தெரியாத எண்ணைக் கண்டால் ஜிசான் அதைப் பின்ன எண்ணாகக் கொள்ளும் இயல்புடையது. 85 என்பது 85.0 ஆகிவிடும். படிக்கும்போது பிழை இல்லை. பட்டியலில் இருந்து முதல் மதிப்பெண்ணை எடுத்து ‘இன்ட்’ ஆக்கும் வரியில்தான், ‘டபுள்’ என்பது ‘இன்டிஜர்’ ஆகாது என்று நிரல் விழுகிறது. விழுந்த இடம் ஒன்று, பிழை பிறந்த இடம் ஒன்று. இரண்டுக்கும் இடையே நூறு வரிகள் இருக்கலாம். இந்நிலையில் ஜாவாபி கொண்டு வாரிசின் சிக்னேச்சரைப் பார்த்தால் ‘ஆப்ஜெக்ட்’ என்றிருப்பது உடனே தெரியும். தலைப்பு வரியில் ஸ்காலாவின் ‘இன்ட்’டை எடுத்துவிட்டு ஜாவாவின் ‘இன்டிஜர்’ஐ முழுப்பெயரோடு எழுதி மீண்டும் கம்பைல் செய்தால், 85 என்பது 85 ஆகவே வந்து சேரும்.